பாய்லருக்கு ஒரு மூக்கு

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் குளிர்காற்றோடு சண்டை போடாத பழைய கல்வீடு கிடையாது. பெர்சி ஓல்ட்ராய்ட் அந்த வருஷம் அதை ஒழித்தே தீருவதென்று சபதம் செய்தார்.

ஜன்னல் இடுக்குகளில் ரப்பர் பட்டை. தரைப்பலகை விரிசல்களில் பட்டி. சாவித் துவாரத்துக்குக்கூட மூடி. தபால்காரர் ஒரு கடிதத்தை உள்ளே தள்ள மல்யுத்தம் செய்யவேண்டியிருந்தது. மாலையில் பெர்சி மெழுகுவர்த்தியோடு சுவரோரமாகத் தவழ்வார். சுடர் எங்கே ஆடுகிறதோ, அங்கே அடைப்பு. ஏணியில் மட்டும் ஏறமாட்டார். ஒருமுறை விழுந்ததிலிருந்து ஏணிக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

கடைசியில் ஒரே ஒரு ஓட்டை பாக்கி. முன்னறைச் சுவரில், அவர் நாற்காலிக்குப் பின்னால், சரியாகப் பிடரிக்கு நேரே.

"அதைத் தொடாதீங்க. அது பாய்லரோடது" என்றாள் அவர் மனைவி டோரீன்.

"பாய்லருக்கு எதுக்குடி ஓட்டை?"

"வீட்டைச் சூடாக்கற பழைய கேஸ் பாய்லர். இந்த ரூம் காத்தை எடுத்துத்தான் எரியுது. மத்ததெல்லாம் நீங்க அடைச்சாச்சு. இதையும் அடைச்சா விஷப்புகை வெளியே போகாம இங்கயே திரும்பும்."

"ஓ, அதுக்கு மூக்கு வேற இருக்கா?"

"உங்களுக்கு இருக்கில்ல? அதை அங்க நுழைக்காதீங்க."

நுழைத்தார். டோரீன் கடைக்குப் போன நேரம் பார்த்து, இரண்டு ஃபுட்பால் சாக்ஸைச் சுருட்டித் திணித்தார். அன்று சாயங்காலமே விஷவாயு அலாரம் அலறியது. டோரீன் பாய்லரை நிறுத்தினாள். கதவை விரியத் திறந்தாள். அவரைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தாள். டீக் கோப்பையும் வீட்டுச் செருப்புமாக மழையில் நின்றார் பெர்சி.

"அலாரம் கெட்டுப்போச்சு" என்றார்.

"அலாரம் நல்லாத்தான் இருக்கு. கெட்டது எதுன்னு எனக்குத் தெரியும். அந்த சாக்ஸ் அங்க இருக்கிறவரை பாய்லர் எரியாது."

"என் பிடரி இங்க இருக்கிறவரை சாக்ஸ் வெளியே வராது."

பெர்சி ஓவர்கோட்டோடு உட்கார்ந்தார். கையுறை போட்டுக்கொண்டு ஆட்டுக்கறி அடைத்த அப்பம் சாப்பிட்டார். எதிரே டோரீன் மடியில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பின்னிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் இறங்கிவரவில்லை.

சனிக்கிழமை பெர்சியின் கிளப்காரர்கள் பஸ் பிடித்து பிளாக்பூல் விளக்கு அலங்காரம் பார்க்கப் போனார்கள். பெர்சியும் போனார். திரும்பி வந்தால் வீடு கதகதவென்றிருக்கிறது. பாய்லர் எரிகிறது. சாக்ஸ் வைத்த இடத்திலேயே இருக்கிறது. அலாரம் வாய் திறக்கவில்லை.

டோரீன் டீ ஊற்றினாள். "நீங்க சொன்னதுதான் சரிங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவர் காதில் விழாத வாக்கியம். விவரமுள்ளவனாக இருந்தால் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பான். பெர்சி இரண்டாவது கோப்பை டீ கேட்டார்.

குளிர்காலம் பூராவும் தினம் மெழுகுவர்த்தியை சாக்ஸுக்கு நேரே நீட்டுவார். சுடர் அசையாது. அந்தப் பெருமையைப் பப்பில் போய் அளப்பார். "பாய்லராவது, மூச்சாவது!"

பக்கத்து வீட்டு எர்னி அதை அப்படியே நம்பினான். ஒருநாள் பழைய தலையணையும் கையுமாக வந்து நின்றான்.

"ஏம்ப்பா பெர்சி, எங்க வீட்டு ஓட்டையையும் இன்னிக்கு அடைச்சிடறேன். எப்படித் திணிக்கணும்னு காட்டு."

டோரீன் பின்னிக்கொண்டிருந்த ஊசிகள் நின்றன. எழுந்து போனாள். ஏணியோடு வந்தாள். ஜன்னலுக்கு மேலே, திரைச்சீலைக் கம்பிக்கும் மேலே சாத்தினாள்.

"எர்னி, தலையணையை வெச்சிட்டு மேல ஏறு."

எர்னி ஏறினான். மிச்சமிருந்த நாலு முடியும் காற்றில் பறந்தது. "ஐயையோ பெர்சி! இங்க ஒரு புது ஓட்டை! சல்லடை மூடி போட்டு, சுவர் கலர்லயே பெயின்ட் அடிச்சிருக்கு!"

பெர்சி அண்ணாந்து பார்த்தார். "இது எப்போ வந்தது?"

"நீங்க பிளாக்பூல்ல விளக்கு பார்த்த அன்னிக்கு. பாய்லர் மூச்சு விட, கேஸ்காரரைக் கூப்பிட்டுப் போட்டேன். காத்து தலைக்கு மேலயே போயிடும், உங்க பிடரிக்கும் வராது. தலையணையை எடுத்துட்டு வீட்டுக்குப் போ எர்னி. தலைக்கு வெச்சுப் படு."

"சொல்லியிருக்கலாமேடி!"

"சொன்னா அடைப்பீங்க. அதான் ஏணி வேணுங்கிற உயரத்துல வெச்சேன்."

அந்த உயரத்தில் ஓட்டை போட்ட மூளையை என்னவென்று சொல்வது!  பெர்சி ஏணியைப் பார்த்தார். ஏணி அவரைப் பார்த்தது. நாற்காலியில் போய் விழுந்தார்.

"போகட்டும். என் ஓட்டையை நான் அடைச்ச மாதிரி எவனும் அடைச்சிருக்கமாட்டான். ஒரு பொட்டுக் காத்து வந்திருக்குமா?"

"எப்படிங்க வரும்?" டோரீன் ஊசிகளை எடுத்துக்கொண்டாள். "அந்த ஓட்டையை அதே அன்னிக்கே வெளிப்பக்கமா செங்கல் வெச்சுப் பூசியாச்சு. சாக்ஸை எடுத்துக் குடுங்க, துவைக்கணும்."