கனைத்துவிட்டுக் குத்துகிற கள்ளன்

ஆறாவது ஞாயிற்றுக்கிழமையும் அசுரன் சாகிற வழியாக இல்லை.

சிவதாணு பகடையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எதிரே இருந்த மூன்று பேரையும் பார்த்தான். சாலைக் கடைத்தெருவில், ஆணியும் பூட்டும் விற்கிற கடைக்கு மேலே இருந்த அறை அது. வெளியே மழை விடாமல் அழுதுகொண்டிருந்தது. வாரம் முழுக்கக் கீழே பில் போடுகிறவன், ஞாயிறு மத்தியானம் மட்டும் இங்கே கதை நடத்துகிறவனாகிவிடுவான். குகை, அசுரன், இருட்டு எல்லாம் அவன் சொல்லுவான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டி, அந்தக் கதைக்குள் நடமாடுவார்கள்.

இன்றைக்கு எப்படியும் அசுரனைக் கொன்று ஆட்டத்தை முடித்துவிட வேண்டும் என்று பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டு வந்திருந்தான். பாவம், இவர்களுக்கு அலுத்துவிட்டது. ஆர்யா, ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடித்து, அத்தனை தூரத்து வித்துராவிலிருந்து பஸ் பிடித்து வந்து கொட்டாவி விடுகிறாள். கிரீஷ் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ராமசுப்ரமணியன் மாமாவுக்கு எழுபது வயது. கோட்டைக்குள் இருக்கிற வீட்டிலிருந்து இந்த மழையில் குடை பிடித்து நடந்து வருகிறார். போதும் என்று சொல்ல மூன்று பேருக்கும் தாட்சண்யம். அசுரன் செத்தால் யார் மனமும் நோகாமல் பிரிந்துவிடலாம்.

அதற்கப்புறம் தன்னுடைய ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகும் என்பதை அவன் யோசிக்கவில்லை. ஆனி மாதம் அம்மா தவறிப்போனதிலிருந்து அவன் அநேகமாக எதையுமே யோசிப்பதில்லை.

"மாமா, நீங்க அசுரனுக்குப் பின்னால, தூண் மறைவுல இருக்கீங்க. அவன் உங்களைப் பாக்கல்ல. விதி ஓர்மை இருக்குல்லா? ஒளிஞ்சிருந்து குத்தினா முதல் குத்துக்கு மூணு மடங்கு அடி. ஒரே குத்துல ஆள் காலி. உருட்டுங்க."

மாமாவுக்குக் கள்ளன் வேஷம். பத்மநாப சுவாமியைத் தரிசிக்காமல் காபியைத் தொடாதவருக்கு அது எப்படி வாய்த்தது என்பது பெருமாளுக்கே வெளிச்சம். அவர் பகடையை எடுக்காமல் தொண்டையைச் செருமினார்.

"குத்தறதுக்கு முன்னாடி ஒரு கனைப்பு கனைச்சுக்கறேன்டா."

"கனைக்கவா? எதுக்கு?"

"ஒருத்தர் ஆத்துக்குள்ள நுழையறதுன்னாலே கனைச்சுண்டுதானே போறோம்? இவனைக் கொல்லவே போறேன். சொல்லாம கொள்ளாம முதுகுல குத்தினா பாவம் இல்லையோ?"

"சத்தம் போட்டா மறைவு போயிரும் மாமா! அவன் திரும்பிருவான்!"

"திரும்பட்டுமே. அவனுக்கும் ஒரு குலதெய்வம் இருக்கும்."

கள்ளன் கனைத்தான். அசுரன் திரும்பினான். விதிப்படி கதாயுதம் பக்கத்தில் நின்ற வாள்வீரன் மேல் விழுந்தது. வாள்வீரன் கிரீஷ்.

"பாதி உயிர் போயி. சாரமில்ல அண்ணா, பரவால்ல" என்றான் கிரீஷ், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சண்டைக்கு வந்திருந்தால்கூடச் சிவதாணுவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இவ்வளவுக்கா அலுத்துப்போய்விட்டது? அவசரமாக ஒரு புது விதி போட்டான்.

"இந்த அசுரனுக்குக் காது கேக்காது. எவ்வளவு கனைச்சாலும் மறைவு போகாது. இப்போ குத்துங்க."

மாமாவின் முகம் வாடியது. "காது கேக்காத ஜீவனையா? இன்னும் பாவம்னா அது!"

கள்ளன் தூணை விட்டு வெளியே வந்து, அசுரனின் கண்ணெதிரே நின்று, கைஜாடையில் எச்சரித்தான். கதாயுதம் மறுபடி இறங்கியது. இந்தத் தடவை கள்ளன் மேலேயே.

"சரி, அசுரன் தூங்கிட்டான்!" சிவதாணுவின் குரல் உயர்ந்தது. "தூங்குறவனைக் குத்த விதிப்படி பகடையே வேண்டாம். குத்தினா போரும்!"

"சிவ சிவா!" மாமா காதைப் பொத்திக்கொண்டார். "ஈரக் குகைடா. வெறுந்தரையில படுத்திருக்கான். கள்ளன் தன்னோட கறுப்புப் போர்வையை எடுத்து அவனுக்குப் போத்தி விடறான்."

அந்தக் கறுப்புப் போர்வை இல்லாமல் கள்ளனால் இருட்டில் ஒளியவே முடியாது. விதிப் புத்தகத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

சிவதாணு கடைசி நம்பிக்கையாக ஆர்யா பக்கம் திரும்பினான். "இனிமே யாரும் ஒளிஞ்சு அடிக்கலாம். உன் வைத்தியச்சி பதுங்கிப் போகட்டும்."

ஆர்யா பகடையை உருட்டி, அது நிற்பதற்குள் கையால் மூடினாள். "ஒண்ணு, சேட்டா. வைத்தியச்சிக்குத் தும்மல் வந்துட்டு."

"அதனால?"

"அவளு தடுக்கி அசுரன் மேல விழுந்து, அவன் எழும்பிட்டான். பாவம், ஒரே இருமல். கையில இருந்த மருந்தைக் கொடுத்துட்டேன். நர்ஸ் அல்லே? பழகிப்போச்சு."

மணி ஐந்தரை. வாள்வீரனும் கள்ளனும் குற்றுயிராகக் கிடந்தார்கள். அசுரன் போர்வை போர்த்தி, மருந்து சாப்பிட்டு, முழு ஆயுளோடு குகையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தான்.

சிவதாணு விதிப் புத்தகத்தை மூடினான்.

"அசுரன் போர்வை தட்டி விழுந்து செத்துட்டான். நீங்க ஜெயிச்சாச்சு. ஆட்டம் முடிஞ்சாச்சு. இத்தனை நாள் வந்ததுக்கு ரொம்ப உபகாரம். அடுத்த ஞாயிறு யாரும் மெனக்கெட்டு வரண்டாம்."

யாரும் கைதட்டவில்லை.

"அதெங்ஙன, பகடை உருட்டாம?" என்றான் கிரீஷ். போனை முதல்முறையாகக் கீழே வைத்திருந்தான்.

"மயக்கமா இருக்கும், சேட்டா. நாடி பார்த்தீங்களா?" என்றாள் ஆர்யா.

"செத்துட்டான்" என்றான் சிவதாணு.

மாமா குடையை எடுத்துக்கொண்டார். மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கினார்கள். உள்ளுக்குள் எத்தனை நிம்மதி இருக்கும், அதை எவ்வளவு பதவிசாக மறைத்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்து, அந்த நல்ல மனுஷர்களை அவன் மனதார வாழ்த்தினான். பிறகு ஆட்டத்துப் பொம்மைகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டான். அறை அவன் வீட்டைப் போலவே சத்தமில்லாமல் ஆகிவிட்டது. வீட்டுக்குப் போக மனம் வராமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

கீழே டீக்கடை வைத்திருக்கும் பூமாரி கிளாஸ் எடுக்க வந்தாள். கிளாஸை எடுக்காமல், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, செத்துப்போன அசுரன எழுப்புததுக்கு உங்க புஸ்தகத்துல எதும் வழி இருக்கான்னு அந்த மூணு பேரும் கேட்டுட்டு வரச் சொன்னாவ, அம்மா இல்லாத வீட்டுல உங்கள ஞாயித்துக்கெழம தனியா விடக்கூடாதுன்னு, ஆறு வாரமா அவன சாகவிடாம காப்பாத்திட்டு வந்தாவளாம்."