பம்ப் ரூமுக்குள்ள நீர்ப்பேய்

ஊருக்குத் தண்ணி இல்ல. ஆனா ஊத்துச் சாமி முன்னால கூட்டத்துக்குப் பஞ்சமே இல்ல. ஆறு நாளா பம்ப் ரூம் வாசல்ல எள்ளு போட்டா கீழ விழாது.

ஊத்துலேர்ந்து ஊருக்குத் தண்ணி ஏத்துற ஒரே மோட்டார் புகைஞ்சு நின்னுபோச்சு. வெளிய இருந்த ஃபியூஸைப் பிடுங்கி கரண்டை நிறுத்தினாங்க. ஆபரேட்டர் ஓடி வந்து உள்ள போய்ப் பாக்கறதுக்குள்ள எங்கிருந்தோ வந்து குதிச்சார் சாமி. கதவுல காதை வச்சார், கண்ணை மூடினார்.

"உள்ள நீர்ப்பேய் உக்காந்திருக்கு. வெளியூர்க்காரன் கண்ணு பட்டு வந்தது. ஏழு நாள் யாரும் திறக்கக் கூடாது!"

சொன்ன கையோட தன் பூட்டை மாட்டினார். பேய்க்குப் பூட்டு! சாவி சாமி இடுப்புல.

கவுன்சிலருக்குப் பரம சந்தோஷம். மோட்டார் எரிஞ்சா யாராவது பதில் சொல்லணும். பேய்னா யாரும் சொல்ல வேண்டாம். பேய்க்கு மெமோ குடுக்க முடியுமா?

பேய்க்குச் செம்புப் பாத்திரம்னா உயிராம். வீட்டுக்கு ஒண்ணு கொண்டுவந்து குடுத்தாங்க. பதிலுக்கு சாமி ஊதிக் குடுக்கற பாட்டில் தண்ணி. பக்கத்து ஊர்க் கடைத் தண்ணிதான். லேபிளைக் கிழிச்சிட்டா புனிதம்.

அந்தப் பக்கத்து ஊருதான் கேள்விப்பட்டுப் பதறி, ஒரு புது மோட்டாரை லாரியில ஏத்தி, மாட்டித் தர மெக்கானிக் அக்காவையும் அனுப்பி வச்சுது. இனாமா. சாமி கோலை ஆட்டினார். "வெளியூர் இரும்பு உள்ள போச்சுன்னா ஊத்தே வத்திடும்!" கூட்டம் "ஆமா ஆமா"ன்னுச்சு, வெளியூர் பாட்டிலைக் குடிச்சிக்கிட்டே.

மெக்கானிக் அக்கா லாரிப் படியில உக்காந்தாங்க. "பன்னெண்டு மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் இது இன்னொரு ஊருக்குப் போயிடும். அங்கயும் தொண்டை காயுது."

இதைக் கேட்டுக்கிட்டு நின்னா ஆபரேட்டர் பொண்ணு. வயசு பதினஞ்சு. ஆறு நாளா சோறு இறங்கல. பேய்க்குப் பயந்து இல்ல. இதை மெதுவாத்தான் சொல்லணும்: அந்தப் பேய் யாருன்னு அவளுக்குத் தெரியும். அவதான்.

அன்னிக்கு அப்பா பல்லு புடுங்கப் போயிருந்தார். "ஒரு மணி நேரம் பாத்துக்கோடி. சுவிட்ச் தானா கீழ விழுந்தா மறுபடி போடாத, எனக்கு போன் பண்ணு"ன்னு சொல்லிட்டுத்தான் போனார். விழுந்துச்சு. தூக்கிவிட்டா. மறுபடி விழுந்துச்சு. கையில மொபைல், மொபைல்ல படம், படத்துல க்ளைமாக்ஸ். தலையில இருந்த ரிப்பனை அவுத்து, சுவிட்சை மேல இழுத்துக் கட்டிட்டு மரத்தடிக்குப் போயிட்டா. படத்துல வில்லன் செத்தான். இங்க மோட்டார் செத்துச்சு.

சொன்னா அப்பா வேலை போயிடும். சொல்லலைன்னா பழி பேய் தலையில. எவ்ளோ சௌகரியம்! ஆனா வீட்டுல தம்பிப் பாப்பாவுக்குக் குட்டைத் தண்ணி குடிச்சு மூணு நாளா வயித்தால போகுது. அழக்கூடத் தெம்பு இல்ல. மணி பதினொண்ணே முக்கால். லாரி உறும ஆரம்பிச்சிடுச்சு.

"சாமி!" குரல் தன்னோடதுதானான்னு அவளுக்கே சந்தேகம். "பூட்டின ரூமுக்குள்ள இருக்கறதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?"

"ஞானக்கண்ணுக்குக் கதவேது குழந்தை? பேயோட கால் விரல் வரைக்கும் தெரியுது."

"அப்போ மோட்டார் சுவிட்சுல என்ன கட்டியிருக்கு? என்ன கலரு?"

சாமி திருதிருன்னு முழிச்சார். கூட்டம் அவர் வாயையே பாத்துச்சு. "கறுப்பு! பேயோட கூந்தல்!"

"இல்ல. மஞ்ச ரிப்பன். வெள்ளைப் புள்ளி போட்டது. என்னோடது. மோட்டாரை எரிச்சது நான்தான்."

கூட்டத்துல நின்ன அப்பா மூஞ்சியைப் பாக்க அவளுக்குத் தைரியம் வரல.

"பொண்ணுக்குள்ள பேய் புகுந்திடுச்சு!"ன்னு அலறினார் சாமி.

"அதுக்கென்ன சாமி"ன்னு அக்கா எந்திரிச்சாங்க. "கதவைத் திறங்க. கூந்தலா ரிப்பனான்னு பாத்துட்டா போச்சு."

"திறந்தா செத்துடுவீங்க!"

"தண்ணி இல்லாமயும் சாகத்தானே போறோம், திறய்யா!"ன்னு ஒரு அம்மா கத்தினாங்க. ஆறு நாள்ல அந்தக் கூட்டம் பேசின முதல் உருப்படியான வார்த்தை.

சாமி சாவியைத் தேடறதுக்குள்ள அக்கா ஸ்பானரால பூட்டை ஒரு நெம்பு நெம்பினாங்க. உள்ள பேயும் இல்ல, கூந்தலும் இல்ல. ஒட்டடை, கருகின மோட்டார், சுவிட்சுல புகை படிஞ்ச மஞ்ச ரிப்பன். அழகா பூ முடிச்சு வேற.

கவுன்சிலர் எகிறினார். "யோவ் ஆபரேட்டர், உன் வேலை காலி!"

"எடுங்க. 'சுவிட்ச் அடிக்கடி விழுது, மோட்டார் பழசு, மாத்துங்க'ன்னு மூணு தடவ எழுதிக் குடுத்தேனே, அந்தக் கடுதாசியையும் எடுங்க. எல்லாருக்கும் படிச்சுக் காட்டிட்டே போறேன்."

கவுன்சிலருக்குத் திடீர்னு இருமல் வந்துச்சு. அதுக்கப்புறம் வேலையைப் பத்திப் பேச்சே இல்ல.

அப்பா மக பக்கம் திரும்பினார். "கழுதை, ஆறு நாளா ஏண்டி வாயைத் திறக்கல?"

"பயம்பா."

"எனக்கும்தான் பயம். வா, போல்ட்டைப் புடி."

சாமியைத் தேடுற வேலையே வைக்கல. பின்சந்துல மூட்டையோட ஓடினவரை, அதுக்குள்ள இருந்த செம்புப் பாத்திரமே கடகடன்னு காட்டிக் குடுத்துடுச்சு.

சாயங்காலம் குழாய்ல தண்ணி கொட்டுச்சு. வெளியூர் இரும்பு ஏத்தின தண்ணி, ஊத்தும் வத்தல, ருசியும் மாறல. காய்ச்சி ஆறவச்சுக் குடுத்ததைத் தம்பி மடமடன்னு குடிச்சான்.

கிளம்பறப்ப அக்கா ரிப்பனை அவ கையில வச்சாங்க. "சுவிட்ச் விழறதே மோட்டாரைக் காப்பாத்தத்தான் பாப்பா. இனிமே கட்டாத."

அவளாவது ஒரு சுவிட்சைத்தான் கட்டினா. 'இது எப்படிய்யா?'ன்னு ஒரு சந்தேகம் மண்டைக்குள்ள டக்குனு விழும் பாருங்க, அதையே ஊரு ஆறு நாள் கட்டி வச்சிருந்துச்சு. அதுக்கு ரிப்பன்கூடத் தேவைப்படல. அவுத்து விடுங்கய்யா!