மழைக்கு ஒதுங்கியவரின் கையெழுத்து

காரணமில்லாமல் மனிதன் ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது என்று நம்பியவர் உலகத்திலேயே ஒருவர்தான். ஹட்டனில் நான் பில் அடித்துக்கொண்டிருந்த தேயிலைப் பாக்கெட் கம்பெனியில் அவர் காவலுக்கு நிற்கும் வாச்சராக இருந்தார். பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் புத்தகக்காரர்.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைப் பெக்டரியில் இருபது வருடத்துக்கு மேல் கேட்டில் நின்றவர். பெயர், நேரம், வந்த காரணம், கையெழுத்து என்று நான்கு கட்டம் போட்ட புத்தகத்தோடுதான் எங்களிடம் வேலைக்கு வந்தார். எங்கள் கம்பெனிக்குக் கேட்டே கிடையாது. ஒரு ஷட்டர், அதற்குப் பின்னால் ஒரு ஹால். அதனாலென்ன? ஷட்டருக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முதலாளியின் மாமியாரே கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே வந்தார். திருவிழா வசூலுக்கு வந்த பூசாரி 'சாமி காரியம்' என்று எழுத, "எந்தச் சாமி, என்ன காரியம்னு வெவரமா எழுதுங்க" என்று நிற்க வைத்துவிட்டார்.

ஒரு லீவு நாளில் பொழுது போகாமல் அந்தப் பக்கம் போனேன். காரணக் கட்டத்தில் 'சும்மா' என்று எழுதினேன். சிவப்புப் பேனாவால் வெட்டினார்.

"சும்மான்னா வீட்டுலயே இருங்க தம்பி. இது வேலை நடக்குற எடம்."

"அண்ணே, நான் இங்கதானே வேலை செய்றேன்!"

"இன்னைக்கி இல்லையே."

திரும்பி வந்தேன். அந்த மனுஷன் மேல் வந்த கோபம் ஒரு வாரம் தணியவில்லை.

பிறகுதான் எங்கள் வங்கிக் கணக்கை முடக்கினார்கள். எங்களிடம் தேயிலை வாங்கிய கொழும்பு வியாபாரி ஒருவர் இணைய மோசடியில் பிடிபட்டிருந்தார். அவருடைய பணம் எங்கள் கணக்குக்கு வந்திருந்தது. நாங்கள் தேயிலையே விற்கவில்லை, மோசடிப் பணத்தை மாற்றிக் கொடுத்தோம் என்று பொலிஸுக்குச் சந்தேகம். பாக்கெட் கட்டும் பதினொரு பெண்களுக்கும் சம்பளம் நின்றது. இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான் என்றார் முதலாளி. அந்தப் பெண்களில் மூத்தவரான செல்வி அக்கா தினமும் வந்து, "தம்பி, இன்னைக்காவது கணக்கத் தொறந்துட்டாங்களா?" என்பார்.

முடக்கத்தை எதிர்த்து நீதிமன்றத்தில் மனுப் போட்டோம். கம்பெனிக்கு வந்த எங்கள் பெண் வக்கீல், நான் அடித்த பில்களைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதையெல்லாம் நேத்து உக்காந்து அடிச்சீங்கன்னு சொல்லுவாங்க. சாமான் உண்மையிலயே போச்சுன்னு காட்ட வேற என்ன இருக்கு?"

புத்தகக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தார். "இந்தா இருக்குங்க மேடம். மொதல்ல நீங்க கையெழுத்துப் போடுங்க. வந்ததுலேருந்து போடல."

வக்கீல் போட்டார். பிறகு பக்கங்களைப் புரட்டினார். வியாபாரியின் லொறி வந்த நாள், டிரைவரின் கையெழுத்து, காரணம்: 'தேயிலை ஏற்ற, நாற்பது பெட்டி'. அதற்கு அடுத்த வரியில் எங்கள் வங்கி அதிகாரியின் கையெழுத்து. காரணம்: 'மழைக்கு ஒதுங்கியது'.

முடக்கம் பற்றி விளக்கம் சொல்ல நீதிமன்றத்துக்கு வந்தவரும் அதே அதிகாரிதான்.

"இது உங்க கையெழுத்துத்தானே?" என்றார் வக்கீல்.

"ஆமாங்க. அன்னைக்கி நல்ல மழை. கையெழுத்துப் போட்டாத்தான் உள்ள விடுவேன்னு அந்தப் பெரியவர் சொல்லிட்டாரு."

"லொறி நின்னுச்சா?"

"நின்னுச்சு. பெட்டி ஏத்திக்கிட்டு இருந்தாங்க."

நீதிபதி புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பூசாரி எழுதிய பக்கம் வந்ததும் கொஞ்சம் சிரித்தார். விற்றது மெய்யான சரக்கு, வாங்கியவர் மோசடிக்காரர் என்பதற்காக மட்டும் விற்றவர் கணக்கை முடக்கி வைக்க முடியாது என்று தடையை நீக்கினார். செல்வி அக்கா அன்று அழுதுகொண்டே பாக்கெட் கட்டினார்.

புத்தகக்காரர் இப்போது நோட்டன் பிரிட்ஜில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் போயிருந்தேன். வாசலில் அதே ஸ்டூல், புதுப் புத்தகம். பெயரும் நேரமும் எழுதினேன். காரணம் என்று ஒன்றும் இல்லை. ஆளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். 'சும்மா' என்று எழுதிவிட்டு நின்றேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு காரணக் கட்டத்தைப் பார்த்தார். சிவப்புப் பேனா சட்டைப் பையிலேயே இருந்தது.

"உள்ள வாங்க தம்பி" என்றார்.