ரத்தம் சிந்தாத போர்

ஒரு துளி ரத்தம்கூடச் சிந்தாமல் மனித குலம் வென்ற போர் ஒன்று உண்டென்றால், அது லண்டன் பெக்கம் பகுதியில் யாவ் போவாச்சி நடத்திய ரத்ததான விளம்பரப் போர்தான்.

யாவ், கானாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளை. விளம்பர நிறுவனமொன்றில் பற்பசைக்கும் நாய் பிஸ்கட்டுக்கும் வாசகம் எழுதிக்கொண்டிருந்தான். அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய்க்காரர்களுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டும்; அதற்குப் பெரும்பாலும் கறுப்பின மக்களின் ரத்தமே நன்றாகப் பொருந்தும். கொடுக்க வருபவர்களோ குறைவு. எனவே அரசு விளம்பரம் கேட்டது. நிறுவனம் நாலு மாடியும் தேடி ஒரே ஒரு 'சமூக நிபுணரை'க் கண்டுபிடித்தது. யாவ்தான் அது; அவனுடைய நிபுணத்துவம் முழுவதும் தோலின் நிறத்தில் இருந்தது. பெயருக்கு முன்னால் 'தலைமை' என்று ஒரு சொல் சேர்ந்ததால் அவன் மறுக்கவில்லை.

ஊசியைக் கண்டால் மயங்கி விழும் நிபுணர் அவன். கூட்டங்களில் அது பேசப்படவில்லை. சுவரொட்டியின் சிவப்பு போதுமான அளவு 'நேர்மையான' சிவப்புதானா என்பதே மூன்று கூட்டங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

தேவாலயக் கூடத்தில் வெளியீட்டு விழா. பலூன், முரசு, ஜொலோஃப் என்ற மேற்கு ஆப்பிரிக்கத் தக்காளிச் சோறு. விளம்பரப் படம் ஓடி முடிந்ததும் பாடகர் குழுவின் செர்வா ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டபடி வந்தாள். அவள் மகள் அபீனாவுக்கு அந்த நோய்தான். ஆன்ட்டிக்குப் பின்னால் பாதிக் கூடமே கையை மடித்துக்கொண்டு நின்றது.

"கட்டில் எங்கப்பா போட்டிருக்கீங்க?"

"இது விழிப்புணர்வுக் கட்டம், ஆன்ட்டி. ரத்தம் அடுத்த கட்டம்."

"சரி, நீ குடுத்திட்டியா?"

"நான் திட்டமிடல் பிரிவு, ஆன்ட்டி."

கைகள் இறங்கின. சோறு தீர்ந்ததும் கூட்டம் கலைந்தது. யாவுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போனதும் கைபேசியில் ரத்தம் கொடுக்க இடம் தேடினான். அக்கம்பக்கத்தில் எங்கும் ஆறு வாரத்துக்கு இடமில்லை என்றது. அப்பாடா என்று நிம்மதியாகப் படுத்தவன், மறுபடி தேடவேயில்லை.

இலையுதிர்காலத்தில் விளம்பரத்துக்கு விருது கிடைத்தது. ரத்தத்துளி வடிவில், சிவப்புக் கண்ணாடி. அதை ஆன்ட்டியிடம் காட்டத் தேவாலயத்துக்குப் போனான். மகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், ஆன்ட்டியும் அங்கேதான் என்றார்கள். அங்கேயும் தூக்கிக்கொண்டு போனான்.

அபீனா வலியில் சுருண்டு கிடந்தாள். பொருந்துகிற ரத்தம் வேறு ஊரிலிருந்து வந்தாக வேண்டுமாம். ஆன்ட்டி விருதை வாங்கி, மெதுவாகக் கையில் திருப்பிப் பார்த்தாள்.

"அழகா இருக்கு, யாவ். இத அவளுக்கு எந்த நரம்புல ஏத்துறது?"