யாராவது கட்டாயப்படுத்தினார்களா?

குன்னத்துகால்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய ராஜையா மாமாவுக்கு, தங்கள் தங்கை ரத்னபாயின் மகள் சோனா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே அம்மை, நான், ஆடுகள் இரண்டு, எல்லாரும் சுகம். தம்பி நிஜினைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாததால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருப்பேன். ஆனால் முப்பது வருடம் கோர்ட்டில் கிளார்க்காக இருந்தவருக்கு எழுத்தில் வராதது நடக்காதது என்று அம்மை சொல்கிறாள்.

பனச்சமூடு பஸ் ஸ்டாப்பில் நிஜின் எண்ணூறு கிராம் கஞ்சாவோடு பிடிபட்டதும் ஜாமீனில் வந்ததும் உங்களுக்குத் தெரியும். கூட்டுகாரன் ஒருவனுக்காக எல்லை கடத்தப் போயிருக்கிறான். ஒரு கிலோவுக்குள் என்பதால் அதிகம் போனால் ஒரு வருடம் என்றார் வக்கீல். ஒத்துக்கொண்டால் எவ்வளவு குறையும் என்று கேட்டேன். "அது ஜட்ஜின்றெ மனசு போல மோளே" என்றார். பி.காம். படித்த எனக்கு அது ஒரு விடையாகத் தோன்றவில்லை. மூன்று நாள் கோர்ட்டில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்த்தேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஓடியிருப்பேன். ஒரே காலையில் இரண்டு பேர் ஒரே மாதிரி தலை குனிந்து ஒத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு அபராதமும், கோர்ட்டு பிரியும்வரை அங்கேயே நிற்பதும்தான் தண்டனை. மற்றவருக்கு நான்கு மாதம். அவருக்குப் பழைய கேஸ் உண்டாம்.

இதை அம்மையிடம் சொன்னது பிழையாயிற்று. "பின்ன என்னத்துக்குலே யோசிக்கிய? முழுசா அறிக்கை செய்யணும். கொஞ்சத்த வச்சிட்டுச் சொல்லுறது பாதி வெந்த மரச்சீனிக் கெழங்காக்கும்" என்று நிஜினிடம் சொல்லிவிட்டாள். நம் சபை கன்வென்ஷனில் சாட்சி சொல்கிறவரின் பழைய பாவம் கூடக் கூட ஸ்தோத்திரமும் கூடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதைக் கேட்டே வளர்ந்தவன் அவன்.

நேற்று ஜட்ஜ் மேடம் குற்றத்தை வாசித்துக் காட்டி, செய்தாயா என்று கேட்டார். நிஜின் இரண்டு கைகளையும் உயர்த்தினான். "செய்தேன் மேடம். இது மட்டுமில்ல, முன்ன ரெண்டு தடவையும் கொண்டுபோயிருக்கேன். பத்தாங்கிளாஸ்ல காப்பியடிச்சேன். ஞானையன் மாமன் வெளயில வாழக்குல வெட்டினதும் நானாக்கும்." அம்மை, "ஸ்தோத்திரம்!" என்றாள். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்; ஜெபிக்கிறார் என்று அம்மை மகிழ்ந்தாள். ஜட்ஜ் பேனாவை வைத்துவிட்டு, "சோதிச்சது மாத்ரம் பறஞ்ஞா மதி" என்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார். பிறகு, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் அறிக்கை செய்தவன் பொய் சொல்லலாமா? திரும்பி எங்கள் பெஞ்சைக் கைகாட்டினான். அம்மை எழுந்து, "நான்தான் மேடம். பெத்தவ சொல்லாம வேற ஆரு சொல்லுவா?" என்றாள். கட்டாயத்தில் ஒத்துக்கொண்டதை ஏற்க முடியாது என்று கேஸைப் பதினெட்டாம் தேதிக்குத் தள்ளிவிட்டார்.

மாமா, வாயால் சொன்ன அந்த இரண்டு தடவையும் தண்டனையில் சேருமா? வாழைக்குலை சேருமா? அடுத்த முறை அவனாகவே ஒத்துக்கொண்டால் நம்புவார்களா? எப்படியும் பதினெட்டுக்கு முன் அம்மைக்கு, வாயைத் திறக்காதே என்று ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் எழுதினால்தான் அடங்குவாள்.

மாமிக்கும் ஜீனாவுக்கும் என் அன்பு. கர்த்தர் உங்கள் முழங்கால் வலியை எடுத்துப்போடட்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மருமகள்
சோனா

பின்குறிப்பு: அம்மைக்கு எதுவும் எழுத வேண்டாம். நிஜின் கைகாட்டியது அம்மையை அல்ல, பக்கத்தில் இருந்த என்னை. அம்மை சொன்னது ஒரே ஒரு தடவை, சோறு போடும்போது. ஒத்துக்கொண்டால் சாயங்காலம்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று தாளில் எழுதிக்கொடுத்து, ரப்பர் ஷீட் உலர்த்தும் புரையில் ஒரு வாரம் அவனைப் படிக்கவைத்தவள் நான். எல்லாரும் திரும்பிப் பார்த்தபோது எனக்கு எழ வரவில்லை. அம்மை எழுந்தாள். பஸ்ஸில், "ஒனக்கு நாலாளுக்கு முன்ன நிக்க வெக்கமா இருக்கும்லா மக்கா, அதாக்கும் நான் எந்திச்சது" என்று மட்டும் சொன்னாள். பதினெட்டாம் தேதி நானே எழுந்து சொல்லப்போகிறேன். முதலில் கைகூப்ப வேண்டுமா, பெயர் சொல்ல வேண்டுமா என்பதை மட்டும் உடனே எழுதுங்கள்.