ரிஜெக்ட் அண்ணனின் கூடைப்பந்து

இந்த உலகத்தையே மடித்துக் கையில் கொடுத்தாலும், விரித்துப் பார்த்து ஓரத்தில் ஒரு குறை கண்டுபிடித்துத் திருப்பித் தரக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ரிஜெக்ட் அண்ணன்தான். அருள்புரத்தில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராக நான் சேர்ந்த பனியன் கம்பெனியில் அவர் செக்கிங் பிரிவுக்குத் தலைவர். அசல் பெயர் அடையாள அட்டையில் இருந்தது. அதைப் படித்தவர் யாருமில்லை. சட்டைப்பையில் எப்போதும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் சுருள் ஒன்று இருக்கும். துணியில் எங்கே குறையோ அங்கே ஓர் அம்பு. கேன்டீன் தோசை ஓரம் கருகியிருந்தால் அதற்கும் ஓர் அம்பு ஒட்டித் திருப்பி அனுப்புவார். கல்யாணப் பத்திரிகை நீட்டினால் வாழ்த்துவதற்கு முன் வெட்டு கோணலாக இருப்பதைக் காட்டுவார். பாவம், மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவான்.

என் அறையில் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி இருந்தது. ஞாயிறு மதியங்களில் அதில் கூடைப்பந்து ஆடுவேன். "அதுல வெளிநாட்டுப் பனியனெல்லாம் வருதாமாங்க?" என்று விசாரித்துக்கொண்டு வந்த அண்ணன், அதன்பின் எந்த ஞாயிறும் தவறவில்லை. நான் போட்ட டீயை ஒரு வாய் குடித்து, "தண்ணி சாஸ்திங்க தம்பி, ரிஜெக்ட்" என்பார். மிச்சத்தையும் குடித்துவிடுவார்.

முதல் ஆட்டத்திலேயே சண்டை.

"ஏனுங்க தம்பி, நான் ஒரு பட்டனத்தான அமுக்குனேன்? அவனே எம்பி, அவனே மணிக்கட்டத் திருப்பி, அவனே போட்டுக்கறான். அப்ப வெளையாடறது நானுங்களா, அவனுங்களா?"

"தத்ரூபமா இருக்கணும்னு நெச ஆட்டக்காரங்க அசைவையே எடுத்து வச்சிருக்காங்கண்ணே."

"அதுக்குன்னு? பந்தக் குடுடான்னு அமுக்கிப்போட்டு ஒரு வாய் டீயே குடிச்சு முடிச்சேன். அப்பறந்தான் குடுக்கறான். நம்ம பேக்கிங் செக்‌ஷன் பரவால்லீங்க."

அடுத்த சண்டை பனியனைப் பற்றி. ஆட்டக்காரன் இரண்டு கையையும் தூக்கிப் பந்தை எறிகிற காட்சியை நிறுத்தச் சொல்லி, மூக்கு டிவியில் இடிக்கிற தூரத்தில் போய் நின்றார்.

"கையத் தூக்கறானல்லங்க, பனியன் ஏன் மேல ஏறல? பசை போட்டு ஒட்டீருக்காங்களா?"

அவன் இடுப்பு இருந்த இடத்தில், டிவி மேலேயே, ஓர் அம்பை ஒட்டினார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

எனக்கு எரிச்சல் வந்தது அவருடைய மூன்றாவது வழக்கத்தில்தான். ஆட்டக்காரனின் தெம்பைக் காட்டும் கோடு குறைந்ததும், "பையனுக்கு மூச்சு வாங்குதுங்க, உக்கார வைங்க" என்று அடம்பிடிப்பார். ஒரு புள்ளி பின்தங்கி, கடைசி நொடிகள் ஓடும்போதும் அப்படித்தான். என் ஒரே நட்சத்திரத்தைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வாராவாரம் தோற்றேன்.

அப்போதுதான் என் முதல் ஆர்டர் வந்தது. விதி பாருங்கள், வெளிநாட்டுப் பள்ளி அணி ஒன்றுக்குக் கூடைப்பந்து பனியன். அதற்கென்றே நாற்பது மெஷினில் புதுத் தையல் லைன் போட்டார்கள். தைக்க வந்தவர்களில் பாதிப்பேர் எங்கள் தூத்துக்குடி, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து அப்போதுதான் வீடு பிடித்திருந்தார்கள். அனுப்பிய சாம்பிள் இரண்டு முறை திரும்பி வந்தது. "பொருத்தம் சரியில்லை" என்று ஒரே வரி. மூன்றாவதும் திரும்பி வந்தால் ஆர்டரும் போகும், லைனும் போகும்.

"நீங்களும் ஊருக்குக் கெளம்பிக்கலாங்க தம்பி" என்றார் முதலாளி. வேலையை விட்டு அனுப்பும்போதுகூட இந்த ஊரில் 'ங்க' போட்டுத்தான் அனுப்புவார்கள்.

அளவு அட்டையோடு நூறு தடவை ஒப்பிட்டோம். ஒரு நூல் பிசகில்லை. துணி மாட்டிப் பார்க்கிற டம்மி பொம்மைக்கு அது மாப்பிள்ளைச் சட்டை மாதிரிப் பொருந்தியது. ரிஜெக்ட் அண்ணன் டம்மியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு அதன் தோளில் ஓர் அம்பை ஒட்டினார்.

"இவனுக்குக் கை எங்கீங்க?"

டம்மிக்கு ஏது கை? இத்தனை காலம் கையே இல்லாத ஒருவனிடம் கேட்டுத்தான் கூடைப்பந்து பனியனுக்கு ஓகே வாங்கிக்கொண்டிருந்தோம்.

சாம்பிளை எனக்கு மாட்டி, ஆட்டக்காரர்களின் கால்சட்டைக்குப் பதிலாக இடுப்பில் எலாஸ்டிக்கைச் சுற்றி, பனியனை அதற்குள் செருகினார். "ஓடுங்க... நில்லுங்க... இப்ப எம்பற பட்டன் அமுக்கறேன், எம்புங்க!" நான் எம்பினேன். தரைக்கும் எனக்கும் நடுவே ஒரு செய்தித்தாளைச் செருகலாம், அவ்வளவுதான்.

"தம்பி ரிஜெக்ட். மூச்சு வாங்குது, உக்காருங்க."

ஓவர்லாக் தையல் மெஷினிலிருந்து ஸ்டெல்லா எழுந்து வந்தாள். தூத்துக்குடிக்காரி. பள்ளிக்கூட அணியில் ஆடியவள் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும். சுடிதார் மேலேயே பனியனை மாட்டிக்கொண்டு, கட்டிங் வேஸ்ட் துணியை உருட்டிக் கட்டிய பந்தை வாங்கினாள்.

"ரெடிங்களா கண்ணு? நான் பட்டன் சொன்னதும்..."

"அண்ணே, பட்டன்லாம் சொல்லாதிய. நானே போடுதேன்."

போட்டாள். அடுக்கிய அட்டைப்பெட்டிகளின் உச்சியில் இருந்த கூடைக்குள் பந்து விழுந்தது. பனியன் எலாஸ்டிக்கிலிருந்து முழுசாக உருவிக்கொண்டு வந்தது.

குறையைக் கண்டு அப்படித் துள்ளிக் குதித்த மனிதரை நான் பார்த்ததில்லை. "ஏறுதுங்க! நெசத்துல ஏறுதுங்க தம்பி! உங்க டிவிலதான் ஏறல!"

வெட்டுக்கு அளவு வரைகிற பேட்டர்ன் மாஸ்டர், கை நுழைகிற கைக்குழியை மேலே ஏற்றி, நீளத்தைக் கூட்டிப் புதிதாக வெட்டினார். ஸ்டெல்லா மறுபடி எம்பினாள்; இந்தத் தடவை பனியன் அசையவில்லை. இரண்டு எம்பலையும் வீடியோ எடுத்து, சாம்பிளோடு அனுப்பினோம். நான்காம் நாள் ஆர்டர் உறுதியானது. லைன் முழுக்கக் கைதட்டல்.

"தம்பிய என்னங்க பண்றது?" என்று முதலாளி கேட்டார்.

"குறை டம்மிலதானுங்க" என்றார் ரிஜெக்ட் அண்ணன். "தம்பி ஓகேங்க."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

அந்த லைன் இன்றும் ஓடுகிறது, ஸ்டெல்லாதான் சூப்பர்வைசர். ரிஜெக்ட் அண்ணன் சோமனூரில் சொந்தமாகச் சின்னதாக ஒரு செக்கிங் யூனிட் வைத்திருக்கிறார். முந்தாநாள் அந்தக் கூடைப்பந்து கேமின் புதுப் பதிப்பைப் போட்டுப் பார்த்தேன். ஆட்டக்காரன் கையைத் தூக்கினான். பழைய அம்புக்குப் பக்கத்திலேயே பனியன் மேலே ஏறியது. உடனே போன் போட்டேன்.

"அண்ணே, ஏறுது!"

"எத்தன இஞ்ச்சுங்க?"

"டிவில எப்படிண்ணே அளக்க? உங்க ஸ்டிக்கர உரிச்சிரட்டுமா?"

"தொடாதீங்க தம்பி. ஞாயித்துக்கெழம நேர்ல வந்து பாத்துப்போட்டு நானே உரிக்கறேன். அவனுக்கு மூச்சு வாங்குதுங்களா?"

"ஆமாண்ணே."

"அப்ப உக்கார வைங்க."

உட்கார வைத்தேன். தோற்றேன். இன்றைக்குச் சனிக்கிழமை. நல்ல பால் வாங்கி, காலையிலிருந்து டீ போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன். எப்படிப் போட்டாலும் ரிஜெக்ட்தான். அவர் வந்து, பழையபடி என் அறையில் உட்கார்ந்து, ஒரு வாய் குடித்து அப்படிச் சொன்னால் போதும் எனக்கு.