தீப்பெட்டி டெலிபோனில் பெண் பார்த்த கதை

பெண் பார்க்கப் போகிற இடத்தில் எந்த ஆணும் அசடாகத்தான் தெரிவான். நான் கொஞ்சம் கூடுதலாக முயற்சி எடுத்து முட்டாளாகவும் தெரிந்தேன்.

செஞ்சியில், சிங்கவரம் போகிற ரோட்டில் பெண் வீடு. கவிதா காபி கொடுத்துவிட்டு உள்ளே போவதற்குள் எனக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கு என்னைப் பிடித்ததா? கிளம்புவதற்குள் அதைக் கேட்டுவிட வேண்டும். (கையில் செல்போன் இருந்தது. நம்பர் கேட்கத்தான் தைரியம் இல்லை.) பெரியவர்கள் வேகவைத்த மல்லாட்டையை உரித்துக்கொண்டே கல்யாண மண்டபம் பற்றிப் பேச ஆரம்பித்ததும், நைஸாக வீட்டுக்குப் பின்பக்கம் நழுவினேன்.

அங்கே கவிதாவின் சித்தப்பா பிள்ளைகள் மூன்று பேர் ஒரு மொபைலுக்காக அடித்துக்கொண்டிருந்தார்கள். "டெலிபோன் செய்யலாமா?" என்றேன். இரண்டு தீப்பெட்டிகளைக் காலி செய்து, குச்சிகளை என் புதுச் சட்டைப் பையில் கொட்டினோம். பெட்டிகளில் ஓட்டை போட்டு, பூக்கட்டும் நூலை உள்ளே விட்டு, நழுவாமலிருக்க ஒடித்த தீக்குச்சியில் முடிந்தோம். "நூல் எதுலயும் படக்கூடாது, வெறப்பா இருக்கணும்" என்று விஞ்ஞானி மாதிரி விளக்கினேன். பெரியவள் யாழினியிடம் ஒரு பெட்டியைக் கொடுத்து, "சமையல்கட்டுல அக்கா கையில குடுத்துடு" என்றேன்.

நூல் ஜன்னல் வழியாக உள்ளே போய் விறைத்தது.

"எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு. உங்களுக்கு?"

காதில் வைத்துக் கேட்டேன். பதில் இல்லை. வெட்கப்படுகிறாள் என்று நினைத்து (என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்) தொடர்ந்தேன்.

"உங்க நைனாவப் பாத்தாதான் பயமா இருக்குது. அந்த மீசைக்குள்ள மனுசன் சிரிக்கிறாரா மொறைக்கிறாரான்னே தெரியல."

தீப்பெட்டி உறுமியது.

"எடுத்துட்டா சரியாப்பூடுமா மாப்ள?"

யாழினி ஓடிவந்தாள். "மாமா, அக்கா வடை சுடறாங்க, கையெல்லாம் மாவு. அதான் தண்ணி குடிக்க வந்த பெரியப்பாகிட்ட குடுத்துட்டேன்!"

கூடத்துக்குத் திரும்பிப் போய் யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை. வடையை மென்றேனா விழுங்கினேனா, தெரியாது. அவர் என்னை 'மாப்ள' என்று கூப்பிட்டது திண்டிவனம் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

கல்யாணத்தன்று மாமா மீசையை வழித்துவிட்டு வந்து நின்றார். "இன்னாய்யா, எதுனா வேண்டுதலா?" என்று சொந்தக்காரர்கள் கேட்க, "மாப்ள ஆர்டரு" என்று பந்திவரை கேட்கிற மாதிரி சொன்னார். இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் கவிதா ஆல்பத்தை எடுத்து, அந்தப் போட்டோவில் விரலை வைத்துக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்துவிடுகிறாள்.

உண்மையில், மீசை இல்லாத முகம் இன்னும் பயமாக இருந்தது. அதை மட்டும் நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.